பட்டாளத்தானின் பேத்திகள்

மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவருக்கு யாரும் மெனக்கெட்டுப் பட்டப்பெயர் வைப்பதில்லை. இவருக்கு வைத்திருந்தார்கள்: கைராசிக்காரர். நாலு முறை ஊசி போட்டும் நிற்காத மாடு இவர் கை பட்டால் சினையாகிவிடும் என்று பேச்சு. "ராசியாவது மண்ணாங்கட்டியாவது! மாடு பருவத்துக்கு வந்தா நேரத்தோட கூப்பிடுங்க, அது போதும்" என்பார் அவர். சொல்வாரே தவிர, வண்டியின் பின்னால் உறைந்த விந்து வைத்த நைட்ரஜன் கேனைக் கட்டிக்கொண்டு ஒரு தெருவுக்குள் நுழையும்போது அவர் முதுகு கொஞ்சம் நிமிர்ந்துதான் இருக்கும்.

அவர் வேலையில் பாதிக்கு மேல் ஒரே பண்ணையில் நடந்தது. அது அவர் மனைவியின் அண்ணனுடையது. நூற்றைம்பது கறவை மாடுகள், இரண்டு நீண்ட கொட்டகைகள், குழாய் வழியே பால் ஓடும் கறவைக்கூடம். மச்சானும் மாப்பிள்ளையும் ஒருவருக்கொருவர் மரியாதை குறையாமல் பழகினார்கள். தங்கை வீட்டில் ஒரு நல்லது கெட்டது என்றால் முதல் ஆளாக வந்து நிற்பார் பண்ணைக்காரர். பண்ணையில் ஒரு மாடு பருவத்துக்கு வந்துவிட்டது என்றால் சாப்பிட்ட கையைப் பாதியில் கழுவிக்கொண்டு கிளம்புவார் கைராசிக்காரர்.

பண்ணைக்காரருக்கு ஒரு காளையின் மேல் பைத்தியம். அதை அவர் நேரில் பார்த்ததே இல்லை. பொலிகாளை நிலையத்தில் அதற்கு ஓர் எண் மட்டும்தான். நிலையம் அச்சடித்துக் கொடுத்த படத்தில், அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய் மாதிரி நெஞ்சை முன்னே தள்ளிக்கொண்டு நிற்கும். அதனால் பண்ணையில் அதற்குப் பட்டாளத்தான் என்று பெயர் விழுந்தது. பட்டாளத்தான் செத்து வெகுகாலம் ஆகிவிட்டது. அதன் விந்து மட்டும் மெல்லிய குச்சிகளில் உறைந்து கிடந்து, ஆண்டு தவறாமல் கன்றுகளைத் தந்துகொண்டிருந்தது. மகள்கள் குடம் குடமாகக் கறந்தன. பேத்திகள் அதற்கும் ஒரு படி மேலே போயின. குச்சிகள் தீர்ந்துபோனபோது பண்ணைக்காரர் சும்மா இருக்கவில்லை. பட்டாளத்தானின் பேரன் ஒன்று அதே நிலையத்தில் இருப்பதைத் தேடிப் பிடித்து, அதன் குச்சிகளைத் தருவித்தார்.

முதல் குச்சியை வெதுவெதுப்பான நீரில் இளக்கியபோது கைராசிக்காரர் கேட்டார்.

"மச்சான், இவளுக்கு அவன் என்ன முறை ஆகணும்?"

"மாட்டுக்கு ஏது மாப்பிள்ளை முறை? பால்தான் முறை."

இருவரும் சிரித்தார்கள். அவர் குச்சியைத் துடைத்து, நுனியை வெட்டி, ஊசிக்குழலில் ஏற்றினார்.

அதற்கடுத்த ஆண்டு மாடுகள் திரும்ப ஆரம்பித்தன. ஊசி போட்ட மாடு சினை நிற்காமல் மறுபடியும் பருவத்துக்கு வந்தால், திரும்பிவிட்டது என்பார்கள். மூன்று வாரத்தில் சில திரும்புவது எந்தப் பண்ணையிலும் உண்டு. போட்டதில் பாதி நின்றாலே அது நல்ல பண்ணை. இங்கே நடந்தது வேறு. மூன்று வாரம் கழிந்தும் அசையாமல் நின்று, எல்லோரையும் நம்பவைத்துவிட்டு, ஒன்றரை மாதம் இரண்டு மாதம் ஆனபிறகு ஒரு காலையில் கத்திக்கொண்டு பக்கத்து மாட்டின் மேல் ஏறும். மறுபடி ஊசி, மறுபடி காத்திருப்பு. கன்று போடாத மாடு பாலை எத்தனை நாள் தரும்? கறவைக்கூடத்தில் இடங்கள் காலியாகத் தொடங்கின.

முதலில் தீனியைக் குறை சொன்னார்கள். தீனியை மாற்றினார்கள். பிறகு தண்ணீரைச் சொன்னார்கள். மருத்துவர் வந்து இரத்தம் எடுத்துப் போய், நோய் ஒன்றும் இல்லை என்றார். தீனியும் இல்லை, தண்ணீரும் இல்லை, நோயும் இல்லை என்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பார்க்கிற பார்வையில் அது இருந்தது.

ஒரு நாள் காலைக் கறவையின்போது அது வாய்விட்டே வந்தது. நல்ல கறவைகளில் ஒன்று மூன்றாவது முறையாகத் திரும்பியிருந்தது. இயந்திரச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டும் என்பதால் இருவருமே உரக்கப் பேசவேண்டியிருந்தது. வேலையாட்கள் ஐந்தாறு பேர் மடி துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"மாட்டுலயே ஏதோ கோளாறு இருக்கு மச்சான். நான் எப்பவும் போடற மாதிரிதான் போடறேன்" என்றார் கைராசிக்காரர்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்."

"என்ன சொன்னீங்க?"

"உள்ளதைத்தான் சொன்னேன். இந்த மாடுங்க என்ன நேத்திக்கா வந்துச்சு? இதோட அம்மாவும் இங்கதான் இருந்தா, அவளுக்கும் நீங்கதான் போட்டீங்க. அப்ப நின்னுது. இப்ப நிக்கல. மாடு மாறல மாப்பிள்ளை, கைதான் மாறிப்போச்சு. வயசாச்சுன்னா ஒத்துக்கணும். அதுல என்ன வெட்கம்?"

யாரோ ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாளியை நகர்த்தினான். கைராசிக்காரர் கையுறையைக் கழற்றி, உள்பக்கம் வெளியே வருமாறு சுருட்டி, குப்பைக் கூடையில் போட்டார். கையைக் கழுவினார். "வேற ஆளைப் பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அடுத்த வாரமே பண்ணைக்காரர் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார். பயிற்சி முடித்து வந்த ஓர் இளைஞன்.

கறவைக்கூடத்தில் அந்தப் பேச்சு நடந்த அன்றே கைராசிக்காரரின் மனைவி அண்ணனுக்கு போன் செய்திருந்தாள். "அவர் என்ன உன் கூலியாளா அண்ணா? தனியாக் கூப்பிட்டுச் சொல்ல வாய் வரலையா?" என்று கேட்டாள். "நீ இதுல தலையிடாதே பாப்பா, இது தொழில்" என்றார் அவர். அவள் போனை வைத்தாள். அதன்பிறகு அண்ணியோடு மட்டும் பேசினாள். அண்ணனைப் பற்றி அண்ணியே எடுத்தாலும் வேறு பேச்சுக்குப் போய்விடுவாள்.

ஊர் வாய்க்குக் கதவு ஏது? மச்சானே வேண்டாம் என்று அனுப்பிவிட்டார் என்றால் ஏதாவது இருக்கத்தானே செய்யும். ஒன்றிரண்டு மாடு வைத்திருந்தவர்கள்கூட, "இந்த முறை அந்தப் பையனைக் கூப்பிட்டுட்டோம், தப்பா நினைச்சுக்காதீங்க" என்றார்கள். அவர் தப்பாக நினைக்கவில்லை. தன் கையைத்தான் சந்தேகப்பட ஆரம்பித்தார்.

அது எப்படி வந்தது என்று அவருக்கே தெரியாது. இத்தனை காலமும் கருப்பையின் வாயை விரல்கள் தாமாகவே தேடிப் போய்ப் பிடித்தன. இப்போது, சரியாகப் பிடித்தோமா என்று அவர் விரல்களைக் கேட்டார். கேட்டதும் விரல்கள் தடுமாறின. சரியான இடத்தில்தான் விட்டேனா, ஒரு விரற்கடை முன்னே போய்விட்டதா என்ற கேள்வி வீட்டுக்கு வந்த பிறகும் விடவில்லை.

இறைச்சிக்கூடத்தில் அவருக்குத் தெரிந்த கசாப்புக்காரர் ஒருவர் இருந்தார். அவரிடம் சொல்லி, வெட்டிய மாடுகளின் கருப்பைகளை ஒரு வாளியில் வாங்கிவந்தார். பயிற்சிக் காலத்தில் எல்லோரும் செய்வதுதான்; அவர் கடைசியாகச் செய்து முப்பது ஆண்டு இருக்கும். குளியலறைக்குப் பின்னால் ஒரு மேசையைப் போட்டு, கருப்பையை ஒரு சாக்கால் மூடி, கண்ணால் பார்க்காமல் கையால் மட்டும் தேடி, குழலைச் செலுத்தி, விந்துக்குப் பதில் நீலச் சாயத்தை விட்டார். பிறகு கத்தியால் பிளந்து, சாயம் எங்கே விழுந்திருக்கிறது என்று பார்த்தார்.

மனைவி துணி உலர்த்த வந்தவள், மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று பார்த்தாள்.

"சரியா விழுந்திருக்கா?"

"இதுல சரியா இருக்கு."

"அதுல?"

"அதுல கொஞ்சம் தள்ளி."

"பத்துல எத்தனை தள்ளிப் போகுது?"

"ஒண்ணு. சில நாள் ரெண்டு."

"அது எல்லாருக்கும் போகும்."

"எல்லாருக்கும் போகும்னு யார் பார்த்தா?" என்றார் அவர்.

சரியாக விழுந்த எட்டு அவர் நினைவில் நிற்கவில்லை. தள்ளி விழுந்த இரண்டு நின்றன. சில வாரங்களில் அவர் கேனைப் பொலிகாளை நிலையத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, பால் குளிரூட்டும் நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வண்டிகளில் வரும் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்கிற வேலை. அங்கே யாரும் அவரைக் கைராசிக்காரர் என்று கூப்பிடவில்லை. சூப்பர்வைசர் "பெரியவரே" என்றார். அதுவும் நல்லதாகத்தான் பட்டது.

பண்ணைக்கு ஒரு பெண் வந்தது அதற்குப் பிறகு. பொலிகாளை நிலையத்தின் ஆய்வாளர். முழங்கால் வரை ரப்பர் காலணி, தோளில் ஒரு பை, எதையும் ஒரே குரலில் சொல்லும் பழக்கம். பட்டாளத்தானின் வழிவந்த மாடுகள் எங்கெல்லாம் இருக்கின்றனவோ அங்கெல்லாம் போய், மரபணுச் சோதனைக்காக வால் முடியை வேரோடு பிடுங்கி உறையில் போட்டு எடுத்துப்போவது அவள் வேலை. பண்ணைக்காரருக்குப் பெருமை தாங்கவில்லை. ஒவ்வொரு மாட்டையும் கூடவே நின்று காட்டினார். இரண்டு மாதம் கழித்து அவள் திரும்பி வந்து, அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொன்னதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

"ஒரு கன்னுக்கு மரபணு எல்லாமே ரெண்டு ரெண்டாத்தான் வரும் சார். அப்பா கொடுத்தது ஒண்ணு, அம்மா கொடுத்தது ஒண்ணு. அதுல ஒண்ணு பழுதா இருந்தா இன்னொண்ணு சமாளிச்சுக்கும். மாடு நல்லா வளரும், நல்லா கறக்கும், வெளியில ஒண்ணும் தெரியாது. ரெண்டுமே பழுதா வந்துட்டா கரு வளராது. சத்தமில்லாம கரைஞ்சுடும்."

"எங்க காளைகிட்டயா பழுது?"

"பட்டாளத்தான்கிட்ட ஒண்ணு இருந்தது. அதோட பேரனுக்கும் வந்திருக்கு. உங்க மாடுங்கள்ல அறுபதுக்கு மேல இருக்கு."

"இத்தனை வருஷமா யாருக்கும் தெரியலையா?"

"எப்படித் தெரியும்? செத்த கன்னு ஒண்ணாவது விழுந்திருந்தா யாராவது பார்த்திருப்பாங்க. நாங்க பார்த்தது இல்லாததைத்தான். ஆயிரக்கணக்குல முடி எடுத்தோம். ரெண்டும் பழுதா இருக்கற மாடு அதுல நிறைய இருந்திருக்கணும். ஒண்ணுகூட இல்லை. அப்பதான் புரிஞ்சுது, அதெல்லாம் பிறக்கவே இல்லைன்னு."

அண்ணி அடுப்படியில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆய்வாளர் வாசலைத் தாண்டுவதற்குள் நாத்தனாருக்கு போன் போய்விட்டது.

அந்த வார விடுமுறையில் பண்ணைக்காரர் தங்கை வீட்டுக்கு வந்தார். தனியாக வர மனம் ஒப்பவில்லை போலிருக்கிறது. ஆய்வாளரையும் கெஞ்சி அழைத்துவந்திருந்தார். தங்கை கதவைத் திறந்து, "வாங்க மேடம்" என்று அவளை மட்டும் கூப்பிட்டாள். அண்ணன் தானாகவே உள்ளே வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

ஆய்வாளர் மறுபடியும் அதே குரலில் அதையே சொன்னாள். கைராசிக்காரர் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"நான் போட்டதுல எத்தனை இப்படிப் போச்சு?"

"ரெண்டு பக்கமும் பழுது இருக்கற ஜோடின்னா நாலுல ஒண்ணு. மத்த ஜோடிகள்ல இதனால எதுவும் போகாது."

"அப்ப மீதி?"

"மீதிக்குக் காரணம் நிறைய இருக்கு சார். பால் ரொம்பக் கறக்கற வம்சம் பொதுவாவே சினை பிடிக்கறதுல பின்தங்கும். நாங்க பாலைப் பார்த்தே காளையைப் பொறுக்கினோம், இதைப் பார்க்கலை. அப்புறம் ஒரே ரத்தத்துக்குள்ள சேர்க்கறது. வெயில். தீனி. பருவத்தைக் கவனிக்காம விடறது."

"ஊசி போடற கை."

அவள் கொஞ்சம் தயங்கினாள். "அதுவும்தான்."

"அது எவ்வளவு?"

"மாடு மாடா அதைப் பிரிச்சுச் சொல்ல முடியாது சார்."

கைராசிக்காரரின் மனைவி தேநீர்த் தட்டோடு வந்தவள் அதை மேசையில் வைத்த வேகத்தில் கோப்பைகள் குலுங்கின. "இதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க? மனுஷன் ஒரு வருஷமா தன் கையைத் தானே பார்த்துப் பார்த்துக் கருகிப்போயிட்டார். உங்க மேல தப்பு இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா உங்க படிப்பு குறைஞ்சா போயிடும்?"

"தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னா சார் நம்பமாட்டார்" என்றாள் ஆய்வாளர். கைராசிக்காரர் தலையை அசைத்தார். நம்பியிருக்கமாட்டார்தான்.

"ஒண்ணு பண்ணலாம்" என்று அவள் தொடர்ந்தாள். "அதே மாடுங்களுக்கு, அதே குச்சியை, வேற ஒருத்தர் போட்டிருந்தா ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பார்க்கலாம். அவர் போட்டது அதிகமா நின்னிருந்தா கையிலயும் ஏதோ இருந்ததுன்னு அர்த்தம். அவருக்கும் இதே மாதிரின்னா, கையில ஒண்ணும் இல்லைன்னு தைரியமா சொல்லலாம்."

பண்ணைக்காரர் கோப்பையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா" என்றாள் தங்கை. ஒரு வருடத்தில் அவரிடம் அவள் பேசிய முதல் சொல் அது. "அந்தப் பையன் போட்டது என்ன ஆச்சு?"

"என்ன ஆச்சுன்னா?"

"நின்னுதா?"

"அதே மாதிரிதான்."

"அதே மாதிரின்னா?"

"மாப்பிள்ளை போட்டப்ப எப்படியோ அப்படித்தான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதே ஒன்றரை மாசம், அதே திரும்பறது."

"இது உனக்கு எப்பத்துலேர்ந்து தெரியும்?"

"பையன் வந்து நாலஞ்சு மாசத்துலயே தெரிஞ்சுபோச்சு."

"அதாவது, இந்த மேடம் வந்து முடி புடுங்கறதுக்கு எவ்வளவோ முன்னாடி."

"ஆமா."

"வாயில என்ன பூட்டா போட்டிருந்தே?"

பண்ணைக்காரர் இப்போதுதான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். "அத்தனை ஆளுங்க முன்னாடி வாய் விட்டுட்டேன். தப்புன்னு சொல்லணும்னா அதே ஆளுங்க முன்னாடி சொல்லணும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... நீங்களும் வேற வேலைக்குப் போயிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன். சரி, இனி எதுக்குன்னு விட்டுட்டேன்."

ஆய்வாளர் தேநீரைக் குடித்தாள். கைராசிக்காரர் எழுந்து போய்க் குளியலறைக் குழாயைத் திறந்தார். தண்ணீர் வெகுநேரம் விழுந்துகொண்டிருந்தது. திரும்பி வந்தபோது முகம் ஈரமாக இருந்தது. கோபம் வந்திருக்கவேண்டும் என்று அவருக்கே தோன்றியது, வரவில்லை. பாரம் ஏற்றிய வண்டியிலிருந்து பாதிச் சரக்கை இறக்கியது போல இருந்தது. மீதிப் பாதியை யாராலும் இறக்கமுடியாது என்பதும் தெரிந்தது. பத்தில் ஒன்றோ இரண்டோ தள்ளி விழுந்தது பொய்யில்லையே.

"டீ ஆறுது மச்சான், குடிங்க" என்றார். பிறகு ஆய்வாளரிடம், "இனி அந்த மாடுங்களுக்கு எந்தக் காளையைப் போடறது?" என்று கேட்டார்.

"பழுது இல்லாத எந்தக் காளையும் போடலாம். பழுது இருக்கற மாட்டைத் தள்ள வேண்டியதில்லை. ரெண்டையும் ஒண்ணு சேர்க்காம இருந்தா போதும்."

"இவ்வளவுதானா?"

"இதுக்கு இவ்வளவுதான். மத்ததுக்கு இன்னும் ரெண்டு மூணு தலைமுறை ஆகும்."

பண்ணைக்காரர் மறுநாள் கறவைக்கூடத்தில் வேலையாட்களிடம் விஷயத்தைச் சொன்னதாக அண்ணி சொன்னாள். எப்படிச் சொன்னார், எவ்வளவு சொன்னார் என்று அவள் சொல்லவில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருந்ததால் பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது என்றாள். அந்த வாரமே அவர் மாப்பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டார்.

"அந்தப் பையன் பாட்டுக்குப் போடட்டும் மச்சான். அவனும் என்னை மாதிரியே போடறான்னு நீங்களே சொன்னீங்களே" என்றார் கைராசிக்காரர். குத்தலாகச் சொன்னாரா, உண்மையாகவே சொன்னாரா என்று பண்ணைக்காரருக்குப் புரியவில்லை. அவர் மறுபடி கூப்பிடவும் இல்லை.

பண்ணையில் வேறு வம்சத்துக் காளைகள் வந்தன. இரண்டு மாதம் கழித்துத் திரும்பும் மாடுகள் குறைந்தன, திரும்புவதே நின்றுவிடவில்லை. புதிய கன்றுகள் வளர்ந்து தாய்கள் அளவுக்குக் கறக்குமா என்று பண்ணைக்காரர் இப்போதே கவலைப்பட ஆரம்பித்துவிட்டார். தங்கை அவரோடு பேசுகிறாள். ஆனால் "எப்படி அண்ணா இருக்கே" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனை அண்ணியிடம் கொடுக்கச் சொல்வாள்.

கைராசிக்காரர் பால் நிலையத்து வேலையை விடவில்லை. மாலையில் மட்டும் ஊசி போடப் போகலாம் என்று சில மாதங்கள் கழித்து முடிவெடுத்து, பொலிகாளை நிலையத்தில் கேட்டு ஒரு சின்னக் கேனை வாங்கிவந்தார். முதலில் கூப்பிட்டவர் ஒரு தையல்காரர். கடைக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழ் ஒரே ஒரு மாடு வைத்திருந்தார். வம்சம் கிம்சம் எதுவும் தெரியாத மாடு. அவர் போட்டுவிட்டு வந்தார். மூன்று வாரத்தில் அது திரும்பிவிட்டது.

செய்தி வந்ததும் அவர் கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கிளம்பினார். தையல்காரர் கழுத்தில் அளவு நாடாவோடு வந்து மாட்டைப் பிடித்துக்கொண்டார்.

"வேற யாரையாவது கூப்பிட்டுப் பார்க்கலாம்னு தோணலையா?" என்று கைராசிக்காரர் கேட்டார்.

"எதுக்கு? நான் தைக்கற சட்டையே முதல் தடவை எல்லாருக்கும் கச்சிதமாவா இருக்கு? பிரிச்சுத் தைச்சுக் கொடுக்கறதில்லையா? நீங்க போடுங்க."

மாடு காலை மாற்றி வைத்தது. கைராசிக்காரர் கையுறையை மாட்டிக்கொண்டு, குச்சியை இளக்கி, குழலில் ஏற்றினார். இந்த முறை விரல்களை அவர் எதுவும் கேட்கவில்லை. முடித்துவிட்டுக் கை கழுவியபோது, எதிர்வீட்டுக்காரர் வேலியோரம் நின்று, தன் கிடேரியையும் ஒரு பார்வை பார்க்கமுடியுமா என்று கேட்டார். அவர் கேனைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடந்தார்.